சீன எழுத்தை அதன் வேரிலிருந்து படியுங்கள்: எச்.எஸ்.கே. மூன்றாம் நிலைக்கு ஒரு வழி

எச்.எஸ்.கே. சீனமொழித் தேர்வுக்கு 2021-இல் ஒன்பது நிலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது; நான் இங்கே சொல்வது அதற்கு முந்தைய ஆறு நிலை வடிவத்தைப் பற்றி. அதில் முதல் இரண்டு நிலைகளின் வினாத்தாளில் எழுத்துகளோடு பின்யின் உச்சரிப்பும் (ரோமன் எழுத்தில் தரும் ஒலிக்குறிப்பு) அச்சாகியிருக்கும். மூன்றாம் நிலையில் அந்தத் துணை கிடையாது. 600 சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். பலரும் மிரளுவது இங்கேதான். எனக்குக் கைகொடுத்தது எழுத்துகளின் வரலாறு.

பண்டைய சீனத்தை ஆண்ட ஷாங் மரபு அரசர்கள் ஆமையோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறி கேட்டார்கள். மழை வருமா, விளைச்சல் எப்படி, அரசி ஃபூ ஹாவுக்குப் பிரசவம் நல்லபடியாக நடக்குமா என்ற கேள்விகளை அவற்றிலேயே பொறித்தார்கள். அவை பண்டைய எழுத்துகள் என்று 1899-இல் வாங் யிரோங் என்ற அறிஞர் இனங்கண்டார். மூவாயிரம் ஆண்டு கடந்த அந்த எழுத்தின் வம்சம் அறுபடாமல் இன்றைய செய்தித்தாள்வரை வருகிறது என்பது எனக்கு இன்னும் சிலிர்ப்பூட்டுகிறது.

அதே ஃபூ ஹாவின் கல்லறை ஆன்யாங்கில் 1976-இல் கிடைத்தபோது, உள்ளே 6,000-க்கும் மேற்பட்ட சோழிகள் இருந்தன. சோழி அன்று செல்வம். விலை அதிகம் என்று பொருள்படும் 'க்வெய்' எழுத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள், அங்கே இருப்பது சோழிதான். செலவு, சரக்கு ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளிலும் அது உட்கார்ந்திருக்கிறது. முகம், கால், பாதம், பருமன் ஆகியவற்றின் எழுத்துகளில் இடப்பக்கம் நிலா இருப்பது ஏன் என்று குழம்ப வேண்டாம். அது நிலா அல்ல; இறைச்சியைக் குறிக்கும் எழுத்து உருமாறி நிலாவைப் போல ஆகிவிட்டது. இது தெரிந்தால் நான்கு சொற்களும் ஒரே மூச்சில் மனத்தில் பதியும்.

ஆனால் எல்லா எழுத்தையும் படமாகப் பார்க்கத் தொடங்கிவிடாதீர்கள். சீன எழுத்துகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல், பொருளைச் சுட்டும் ஓர் உறுப்பும் ஒலியைச் சுட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்தவை. உழைப்பை இங்கே போடுங்கள். 'ச்சிங்' என்ற ஒலியுறுப்போடு மூன்று நீர்த்துளி சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வெயிலடிக்கும் வானம், நெஞ்சம் சேர்ந்தால் உணர்ச்சி, பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள். கண் சேர்ந்தால் கண்மணி. அதன் ஒலி மட்டும் 'ஜிங்' என்று சற்றே விலகுகிறது. காலப்போக்கில் உச்சரிப்பு மாறியதால் இப்படிப்பட்ட விலகல்கள் நிறைய உண்டு. ஒலியுறுப்பை வைத்து ஊகியுங்கள், அகராதியில் உறுதிசெய்யுங்கள்.

ஆகவே புதிய சொற்களைப் பாட வரிசையில் எழுதாமல், உறவுள்ள எழுத்துகளின் பக்கத்தில் எழுதிவையுங்கள். தேர்வில் எழுதும் பகுதியின் கடைசி ஐந்து வினாக்களில் இதன் பலன் தெரியும். அங்கே வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கான இடம் காலியாக இருக்கும், மேலே பின்யின் மட்டும் தரப்பட்டிருக்கும். 'ச்சிங்' என்று கண்டால் பதறாமல் வாக்கியத்தைப் படியுங்கள். வாக்கியம் வானிலையைப் பற்றி என்றால் சூரியனைப் போடுங்கள். ஒருவரை உட்காரச் சொல்கிறார்கள் என்றால் பேச்சுறுப்பைப் போடுங்கள்.