அப்பச்சியின் குரல்

மூன்று வருடம் கழித்து நேற்று அப்பச்சி, என் அம்மாவின் அப்பா, என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, சோறு உண்டியா?"

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அவர் குரல் கொடுத்தால் நாலு வரிசை தாண்டிக் கேட்கும். தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையை முழுதாக எடுத்த பிறகு கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சுக்குச் சிலேட்டு. கதிர்வீச்சுக்குப் பிறகு உணவுக்குழாயும் சுருங்கிவிட்டது. கஞ்சித் தண்ணிதான் இறங்கும்.

மறுபடி கழுத்தைக் கிழிப்பார்களோ என்று பயந்தோம். அப்படியில்லை. முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு, சின்ன பலூனை ஊதி, சுருங்கிய இடத்தைச் சில தடவைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள். அப்புறம் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சிறு துளை போட்டு ஒரு சிலிக்கோன் வால்வு. சிங்கர், புளோம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1980-ல் வெளியிட்ட முறை இது. கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை விட்டால், காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய்த் தொண்டைச் சதையை அதிரவைக்கும். அதுதான் குரல். ஒருவழி வால்வு என்பதால் சோறு தண்ணி மூச்சுக்குழாய்க்குள் இறங்காது. பூஞ்சை படிந்து கசிந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கரகரவென்ற குரல். பழைய குரல் இல்லை. எனக்கு அது போதும்.

ராத்திரி அம்மிச்சி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். அப்பச்சி நிதானமாக இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அம்மிச்சி சமையலறைக்குள் போய் அழுதார்.

பார்க்க வருகிற சொந்தங்களுக்கு ஒன்று: அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், சத்தம் போட்டுப் பேச வேண்டாம். அவர் விரலை வைத்து மூச்சு விடும் வரை கொஞ்சம் பொறுங்கள்.