நடக்க முடியாதவர் எப்படிப் போனார்

"லெட்டர் வந்தா எடுத்துக்கறோம் சிஸ்டர்."

நான் சொன்னது இந்த நாலு வார்த்தைதான். முடியாது என்று சொல்லவில்லை. இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். ஆர்த்தோ வார்டு சிஸ்டர் போனில் இருந்தார். "அந்தத் தாத்தாவ டிஸ்சார்ஜ் போட்டுட்டாங்க மேடம். கூட இருந்து பாத்துக்க யாரும் இல்ல. உங்க ஷெல்டருக்கு அனுப்பட்டுமா?" ஷெல்டர் என்பது நான் வேலை பார்க்கும் வீடற்றோர் காப்பகம். அதற்குத்தான் அந்தப் பதில். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி மேடம், நாங்க பாத்துக்கறோம்."

திங்கட்கிழமை நான் போனபோது கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். கேஸ் ஷீட்டில் ஞாயிற்றுக்கிழமை தேதி போட்டு 'அப்ஸ்காண்டட்', அதாவது சொல்லாமல் போய்விட்டார் என்று எழுதியிருந்தது. தொடை எலும்பில் கம்பி வைத்து ஆறு வாரம்கூட ஆகாத மனிதர். வாக்கர் இல்லாமல் கழிவறை வரைக்கும் போக முடியாதவர். அந்த வாக்கர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது.

லெட்டர் என்று நான் சொன்னது ஒரு பக்கப் படிவம். அதை எழுதியதே நான்தான். அதற்கு முன்னால் நடந்தது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஷெல்டர் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். யூரின் டியூபோடு ஒருவரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கிடையாது, மாத்திரை கிடையாது, பெயர்கூடச் சில சமயம் கிடையாது. அப்படி வந்த ஒருவர் மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனார். "யார் கொண்டாந்து விட்டது? எதுக்கு வாங்குனீங்க?" என்று ஸ்டேஷனில் கேட்டபோது எங்கள் கேர்டேக்கரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்தப் பையன் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டான்.

அதன் பிறகுதான் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். ஆஸ்பத்திரி ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர், ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் அவுட்போஸ்ட் போலீஸ், மண்டல சுகாதார அதிகாரி, தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒருவர், நாங்கள். ஒருவர் வரும் நாளில் இன்னொருவர் வரமாட்டார். எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து படிவத்தை ஒப்புக்கொள்ள ஆறு மாதம் பிடித்தது. அதில் கேட்டது அதிகமில்லை: சம்மரி நகல், பதினைந்து நாள் மாத்திரை, அடுத்து எப்போது காட்ட வேண்டும், தானாகக் கழிவறைக்குப் போவாரா, ஆர்.எம்.ஓ. கையெழுத்து. இது நடைமுறைக்கு வந்தபின் ராத்திரி ஆட்டோக்கள் நின்றன. அது பொய்யில்லை. ஒரு தடவை லெட்டர் இல்லாமல் எடுத்தால் மறு வாரம் பத்து பேர் அப்படியே வருவார்கள், ஆறு மாத வேலை ஒரு போனில் போய்விடும் என்று நான் பயந்ததும் பொய்யில்லை.

ஷெல்டரின் நிலையையும் சொல்ல வேண்டும். 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கே வந்தது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்கு 50 சதுர அடி இடம், 24 மணி நேரமும் திறந்த கதவு என்றது. ஆதார், ரேஷன், பென்ஷன், வங்கிக் கணக்கு எல்லாவற்றோடும் இணைத்துவிட வேண்டும் என்றது. எலும்பு முறிந்து கிடப்பவரைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. எங்களிடம் நாற்பது பேர், ராத்திரிக்கு ஒரே கேர்டேக்கர், அத்தனையும் கீழே உட்காரும் கக்கூஸ்.

அதை அந்தத் தாத்தாவே கேட்டார். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமைதான் அவரை முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். ஷெல்டரைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அங்க கக்கூஸ் எப்படிம்மா, குந்துறதா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ கஷ்டம்தான்" என்று மட்டும் சொன்னார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. ஒரு பிளாஸ்டிக் கம்மோடு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை ராத்திரிதான் தோன்றியது.

அவர் தெருவில் இருந்தவர் இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்றும் நினைக்கிறேன். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பக்கத்திலேயே ஐந்து லோடுமேன்கள் சேர்ந்து எடுத்த அறையில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. லாரியிலிருந்து விழுந்த அன்று காலைவரை அந்த அறையில்தான் தூங்கி எழுந்தார். அடுத்த மாத வாடகைப் பங்கு வராததும் மற்ற நாலு பேரும் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்களுடையதும் அன்றாடக் கூலிதான். ஆக, ஆஸ்பத்திரிக்குள் வந்தபோது அவருக்கு வீடு இருந்தது. உள்ளே கிடந்த வாரங்களில்தான் இல்லாமல் போனது.

அந்த முதல் வாரத்தில் யாராவது அந்த அறைக்கு ஒரு போன் செய்திருந்தால், ஒரு மாதப் பங்கை யாராவது கட்டியிருந்தால் போதும். ஆனால் யார் செய்வது? வார்டின் வேலை எலும்பு. அவுட்போஸ்டின் வேலை விபத்துப் பதிவு. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது, 1982 சட்டத்தின்படி மூட்டை தூக்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். அவருடைய அட்டை புதுப்பிக்காமல் காலாவதியாகிக் கிடந்தது. முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய்க்கு மனுப்போட முகவரி வேண்டும், முகவரி போய்விட்டது. நாங்களோ, ஆள் தெருவுக்கு வந்த பிறகுதான் கணக்கில் எடுப்போம். 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு வீடற்றவர்களைத் தேடி எண்ணினார்கள், நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். நம் திட்டங்கள் எல்லாம் அந்த மாதிரி ஓர் இரவில் வெளியே படுத்திருப்பவருக்காகவே போடப்படுகின்றன. நாளைக்கு வெளியே படுக்கப்போகிறவர், இன்றைக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்பதற்கு எந்தத் துறையிலும் ஒரு பதிவேடு இல்லை.

மனநல வார்டாக இருந்திருந்தால் சட்டம் கொஞ்சமாவது பேசியிருக்கும். வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது, வெளியே வாழ வழி செய்ய வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. எலும்பு முறிந்தவருக்கு அப்படி ஒரு வரியும் கிடையாது. படுக்கை வேண்டும், அவ்வளவுதான். அதுவும் நியாயம்தான். அன்று அந்த வார்டில் தரையில் பாய் போட்டு நாலு பேர் படுத்திருந்ததை நானே பார்த்தேன்.

அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இதைப் பேசுவதென்று தயாராகத்தான் போனேன். பேசவில்லை. அதே வார்டில் இன்னும் இரண்டு பேருக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. 'அப்ஸ்காண்டட்' என்று எழுதியது யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் அந்த இரண்டு கையெழுத்தும் தள்ளிப்போகும். அந்த இருவரும் வந்து சேர்ந்தார்கள், ஒருவர் இப்போது செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். அதனால் வாயை மூடிக்கொண்டது சரி என்று சில நாள் தோன்றுகிறது. நடவடிக்கைக் குறிப்பில் அந்த மாதம் 'பரிந்துரைப் படிவம் சீராக நடைமுறையில் உள்ளது, நிலுவை இல்லை' என்று பதிவானது. நானும் கையெழுத்துப் போட்டேன். நிலுவை இல்லைதான். அவருக்குப் படிவமே வரவில்லையே.

கோயம்பேட்டில் இரண்டு நாள் தேடினேன். அறையில் கேட்டேன், பூ மார்க்கெட் வாசலில், பஸ் நிலையத்தில் கேட்டேன். 'அவரா, ஆஸ்பத்திரிலதான இருக்காரு' என்றார்கள்.

முடியாது என்று சொல்லவில்லை என்று தொடக்கத்தில் எழுதினேன். அதை இப்போது திருத்த வேண்டும். ஆர்.எம்.ஓ. அலுவலகம் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், இனித் திங்கட்கிழமைதான். அந்தக் கையெழுத்துக்கு எத்தனை சனிக்கிழமை ஓடியிருக்கிறேன்! நாலு மணிக்கு லெட்டர் வர வழியே இல்லை என்பது அந்தப் போனை எடுக்கும்போதே எனக்குத் தெரியும். 'நாங்க பாத்துக்கறோம்' என்றால் என்ன என்பதும் தெரியும். வீல்சேரில் வைத்துக் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்களா, அவரே யாரையாவது கெஞ்சிப் போனாரா, அது தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

இதற்குப் பிறகு இரண்டு தடவை லெட்டர் இல்லாமல் எடுத்தேன். ஒருவர் தேறிப் போனார். இன்னொருவர் குளியலறையில் விழுந்து மறுபடியும் அதே வார்டுக்குப் போனார். கேர்டேக்கர் என்னிடம் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. படிவத்தில் இப்போது ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: 'அனுமதிக்கப்பட்ட நாளில் தங்கியிருந்த இடம், தொடர்பு எண்'. பெரும்பாலும் காலியாகவே வருகிறது, அல்லது 'பிளாட்ஃபார்ம்' என்று வருகிறது. கேட்டு எழுதினார்களா, பார்த்து எழுதினார்களா என்று தெரியாது.

அண்மையில் என் போனில் பழைய அழைப்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தச் சனிக்கிழமை அழைப்பு கண்ணில் பட்டது. வார்டு போனிலிருந்து வந்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சிஸ்டரின் சொந்த நம்பர். நாலேகாலுக்கு அதே நம்பரிலிருந்து இன்னொரு அழைப்பும் வந்திருக்கிறது, நான் எடுக்கவில்லை.