எந்த 'இட்'?

போன வருஷம் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து கிளம்புகிற அவசரத்தில், நைட் ஷிப்ட் தம்பிக்கு ஒற்றை வரியில் மெயில் போட்டேன். "டிஸ்கனெக்ட் த சர்வர் ஃப்ரம் த சுவிட்ச் அண்ட் ரீஸ்டார்ட் இட்." நான் நினைத்தது சர்வரை. அவன் ரீஸ்டார்ட் செய்தது சுவிட்சை, அதாவது கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கிற பெட்டியை. அந்த மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் நெட்வொர்க் போய், ராத்திரி 11.30 மணிக்கு எனக்கு போன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. 'இட்'டுக்குப் பக்கத்தில் இருந்த பெயர் சுவிட்ச்தான், பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டான்.

அதே விஷயத்தை அவனிடம் வாயால் சொல்லியிருந்தால், "சர்வரை சுவிட்சிலிருந்து கழற்றிட்டு ரீஸ்டார்ட் பண்ணுப்பா" என்றிருப்பேன். இதில் 'அதை' என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். எதைக் கழற்றினானோ அதைத்தான் ரீஸ்டார்ட் செய்வான். இங்கிலீஷ் அப்படி இடத்தைக் காலியாக விடாது, ஒரு 'இட்' போட்டே ஆகவேண்டும், போட்ட உடனே அது எதைக் குறிக்கிறது என்ற கேள்வியும் வந்துவிடும்.

அன்றிலிருந்து நான் எழுதுகிற, படிக்கிற மெயில்களை எல்லாம் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: தமிழ் நமக்காக நிறைய வேலை செய்து தருகிறது, அந்தத் தெளிவு மனசில் இருக்கும்போதே இங்கிலீஷில் எழுதுகிறோம், எழுதும்போது அது உதிர்ந்துபோவது நமக்குத் தெரிவதில்லை.

"ரவி குமாரிடம் தன் பைக் தொலைந்துவிட்டதாகச் சொன்னான்" என்றால் பைக் ரவியுடையது. 'அவன் பைக்' என்றால் குமாருடையது, அல்லது வேறு யாருடையதோ. 'தன்', 'அவன்' இரண்டுக்கும் இங்கிலீஷில் ஒரே 'ஹிஸ்'தான். "ரவி டோல்ட் குமார் தட் ஹிஸ் பைக் வாஸ் மிஸ்ஸிங்" என்று எழுதினால் யார் போய் போலீஸில் புகார் கொடுப்பது? மரியாதையும் அப்படித்தான். மேனேஜர் டெலிவரிப் பையனிடம் பேசினார், அப்புறம் கிளம்பிவிட்டான் என்றால் கிளம்பியது யார் என்று விகுதியே சொல்லிவிடும். "தென் ஹி லெஃப்ட்" என்பதில் அந்த 'ஆர்', 'ஆன்' எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர்காரர்களிடம் இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு, கணினி விஞ்ஞானி டெர்ரி வினோகிராட் 1972இல் கொடுத்தது. போராட்டக்காரர்களுக்கு நகரசபை உறுப்பினர்கள் அனுமதி மறுத்தார்கள், 'பிகாஸ் தே ஃபியர்டு வயலன்ஸ்'. இதில் 'தே' உறுப்பினர்கள். 'ஃபியர்டு' என்பதை எடுத்துவிட்டு 'அட்வகேட்டட்' (ஆதரித்தார்கள்) என்று போட்டால் அதே 'தே' போராட்டக்காரர்கள் ஆகிவிடுகிறது! மனிதர்கள் உலக அனுபவத்தை வைத்து ஊகித்துவிடுவார்கள், இயந்திரம் திணறும் என்பதற்காகச் சொன்னது. தமிழில் "வன்முறைக்கு அஞ்சி அனுமதி மறுத்தார்கள்" என்று வினையெச்சம் போட்டால் போதும், அஞ்சியவரும் மறுத்தவரும் ஒருவரே.

சரி, என்ன செய்யலாம்? பெயரையே திரும்ப எழுதுங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது ப்ரோனவுன் என்று படித்துப் படித்து, ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் அழகில்லை என்ற எண்ணம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது. கதை எழுதும்போது அந்தக் கவலை இருக்கட்டும். வேலை சம்பந்தமான மெயிலில் 'சர்வர்' என்று மூன்று தடவை வந்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இன்னொன்று, வாக்கியத்தின் தலையில் தனியாக நிற்கிற 'திஸ்'. "பேமென்ட் ஃபெயிலாச்சு, கஸ்டமர் பேங்குக்கு போன் பண்ணினார், ரீஃபண்ட் கேட்டார்" என்று மூன்று விஷயங்களை வரிசையாக எழுதிவிட்டு "திஸ் டுக் டூ டேஸ்" என்றால் இரண்டு நாள் எடுத்தது எது? 'திஸ் ரீஃபண்ட்' என்று ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. கமாவுக்குப் பின்னால் வருகிற 'விச்'சும் இதே ரகம், சந்தேகம் வந்தால் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் தொடங்கிவிடுவேன்.

பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் 'அவன்', 'அது' மாதிரியான சுட்டுப்பெயரைச் சொல்லவேண்டும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலிலேயே விதி இருக்கிறது. யாரைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியவேண்டும் என்ற அக்கறை அவ்வளவு பழசு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இப்போது அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு 'இட்', 'தே', 'திஸ்' மேலும் விரலை வைத்து, "எது?" என்று கேட்டுக்கொள்கிறேன். பதிலாக இரண்டு பெயர் வந்தால் அந்த இடத்தில் பெயரை எழுதிவிடுவேன். போன வாரம் அதே தம்பிக்கு அனுப்பிய மெயில்: "ரீஸ்டார்ட் த சர்வர். டூ நாட் ரீஸ்டார்ட் த சுவிட்ச்." ராத்திரி போன் வரவில்லை.