சமவெளியிலிருந்து வெளியூர் மாரத்தானுக்கு: செய்து பார்த்ததில் நிலைத்தவை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் ஓடிப் பழகுகிறவர்களுக்கு மூச்சும் வேகமும் சீக்கிரம் வந்துவிடும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை என்று எத்தனை கிலோமீட்டர் போனாலும் தரை ஒரே மட்டம்தான். அதனால் கோயம்புத்தூர், பெங்களூர், மும்பை என்று வெளியே போய் ஓடும்போது முதலில் கைவிடுவது தொடை. ஏற்றத்தை விட இறக்கம்தான் அதிகம் படுத்துகிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசை இதில் நுண்ணிய அளவில் சேதமாகிறது. கடைசிக் கிலோமீட்டர்களில் கால் தூக்க வராது. வலி அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும். ஆனால் ஒருமுறை அந்த வலியைக் கொடுத்துப் பழக்கிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே தசை அவ்வளவு அடிபடாது. பயிற்சியை இதை வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தென்மேற்கே வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு இருக்கிறது. மெதுவாக ஏறும் நீளமான சாலை கிடைக்கும். மற்ற ஊர்களில் ரயில்வே மேம்பாலம்தான் நம் மலை. விடியற்காலையில், வண்டி எதிரே வரும் பக்கமாக, ஒளிரும் பட்டை போட்ட மேல்சட்டையோடு ஓட வேண்டும். முதலில் 2 கி.மீ. மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு 6 முதல் 8 தடவை ஏறி இறங்க வேண்டும். முதல் மூன்று வாரம் ஏற்றத்தில் மட்டும் அழுத்தம், இறக்கத்தில் நடை. நாலாவது வாரத்திலிருந்து இறக்கத்தையும் போட்டி வேகத்தில் ஓடலாம். அடியைக் குறுக்கி வேகமாகப் போடுங்கள். குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றினால் முட்டி அடி வாங்கும். கடைசி இறக்கப் பயிற்சி போட்டிக்குப் பத்து முதல் பதினான்கு நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு செய்தால் வலியோடுதான் ரயில் ஏறுவீர்கள்.

மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாவது ஞாயிறு. அதன் பெட்டர் ரோடு ஏற்றம் முழு மாரத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் வருகிறது. அதற்குப் போகிறவர்கள், நீள ஓட்டத்தை மேம்பாலத்தில் முடிக்கிற மாதிரி வழியைப் போட்டுக்கொள்வது நல்லது. களைத்த காலோடு ஏறிப் பழகுவதற்கு வேறு வழி இங்கே இல்லை.

டிசம்பர், ஜனவரி போட்டிக்கான 28, 30 கி.மீ. ஓட்டங்கள் வடகிழக்குப் பருவமழையில்தான் வந்து விழும். மழையில் ஆற்றங்கரைக் களிமண் காலணியின் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடியிலும் கனக்கும், கணுக்காலையும் புரட்டும். அந்த மாதங்களில் கரையை விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் 5 கி.மீ. சுற்றாகப் பிரித்து ஓடினால், பாதியில் காலுறையை மாற்றிக்கொள்ளலாம். ஈரக் காலுறையோடு மூன்று மணி நேரம் ஓடினால் கொப்புளம் நிச்சயம்.

ரயிலுக்கு வருவோம். பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். போட்டிக்குப் பணம் கட்டிய அன்றே அந்தத் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். ஞாயிறு போட்டி என்றால் சனி இரவுத் தூக்கம் எப்படியும் கெடும். இரண்டு மணிக்கு எழ வேண்டும். வெள்ளி இரவையும் ரயிலில் கழித்தால் இரண்டு இரவும் போய்விடும். அதனால் சென்னைக்குச் சோழன், கோயம்புத்தூருக்கு ஜன சதாப்தி மாதிரி பகல் வண்டியில் வெள்ளிக்கிழமையே போய்ச் சேருவதுதான் சரி. பெங்களூருக்கு மைசூர் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி என்பதால் முடிந்தால் வியாழன் ஏறுங்கள். போட்டிக் காலணி, பனியன், அடையாள அட்டை மூன்றும் தோள்பையில், கண்ணெதிரே.

நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடும் எண் அட்டையைப் பெரும்பாலும் போட்டி நாளில் தர மாட்டார்கள். முந்தின நாட்களிலேயே போய் வாங்க வேண்டும். அட்டையின் பின்னால் ஒட்டியிருக்கும், ஓடிய நேரத்தைக் கணக்கிடும் சிப்பை மடிக்கக்கூடாது. ஊக்கு நாலு கையில் இருக்கட்டும். தங்குமிடம் தொடக்க இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுங்கள். சாலையை அடைத்த பிறகு ஆட்டோ வராது.

சாப்பாட்டில்தான் வெளியூரில் அதிகம் தவறு நடக்கிறது. முந்தின நாள் கீரை, சுண்டல், பரோட்டா, பிரியாணி வேண்டாம். சோறு, ரசம், இட்லி, இடியாப்பம் போதும். அதிகாலையில் எந்த ஓட்டலும் திறந்திருக்காது என்பதால் அவல் கொண்டுபோவது நன்றாகவே கைகொடுக்கிறது. கெட்டி வெள்ளை அவல் 100 கிராமை அலசி, அறையில் உள்ள கெட்டிலில் கொதித்த நீர் 150 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரை 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. மொத்தத்தில் சுமார் 100 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். மெல்லிசு அவல் கூழாகிவிடும். சிவப்பு அவலில் நார் அதிகம், பாதி வழியில் வயிறு கலக்கும். தேங்காய் போட்டால் செரிக்க நேரமாகும். போட்டிக்கு இரண்டரை மணி நேரம் முன்பு இதை முடித்துவிட வேண்டும். நாலு மணிக்கே தொடக்கம் என்றால் 60 கிராம் அவலோடு நிறுத்தி, கிளம்பும்போது ஒரு பூவன்பழம். பால் இல்லாத காப்பி ஒரு கப் குடித்தால் வயிறும் காலியாகும். டிகிரி காப்பி ஊர் திரும்பியபிறகு.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஓட்டக்காரர்களுக்கென்று சின்னப் பொட்டலத்தில் விற்கும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், அதைத் தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். உப்புக்கரைசல் (ORS) பொட்டலம் ஒரு லிட்டருக்கானதா 200 மி.லி.க்கானதா என்று பார்த்துக் கரைக்கவும். கெட்டியாகக் கரைத்தால் குமட்டும். வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைசுற்றல், வாந்தியில் தொடங்கி மயக்கம் வரை கொண்டுபோகும். தாகத்துக்குக் குடித்தால் போதும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று உலர்ந்தது, வியர்வை உடனே காய்ந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பழகியவர்களுக்கு அங்கே வியர்ப்பதே தெரியாது, அதற்காக உப்பை விட்டுவிடக் கூடாது. சென்னையில் ஜனவரியிலும் ஈரப்பதம் அதிகம். நம் உடம்பு அதைத் தாங்கும்.

திரும்பும் டிக்கெட்டில் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். 42.195 கி.மீ. ஓடிய காலோடு மேல்படுக்கை ஏணியில் ஏறுவது பெரும்பாடு, இறங்குவது அதைவிட மோசம். ஜனவரி முதல் பாதியில் பொங்கல் கூட்டம் டெல்டா பக்கமே வருவதால், போகும் டிக்கெட்டை விட வரும் டிக்கெட்தான் முதலில் தீரும். அதற்கு முன்பதிவு திறந்த உடனே எடுத்துவிடுங்கள்.