அக்காவோட நனைஞ்ச தலையணை உறை

எங்க அக்காவுக்கு 2008ல, 42 வயசுல, ஃபைப்ராய்டு கட்டின்னு கர்ப்பப்பையோட ரெண்டு ஓவரியும் சேர்த்து எடுத்துட்டாங்க. தையல் பிரிக்கறதுக்குள்ளயே மாதவிடாய் நிக்கறப்போ வர்ற தொல்லையெல்லாம் ஆரம்பிச்சிடுச்சு, நெஞ்சுல இருந்து கழுத்து வரைக்கும் குப்புன்னு சூடு ஏறும், நடுராத்திரி எந்திரிச்சு நைட்டிய மாத்திட்டு நனைஞ்ச தலையணை உறைய கழட்டி கொடியில போடுவா. டாக்டர்கிட்ட கேட்டதுக்கு "ஹார்மோன் மாத்திரை போட்டா கேன்சர் வரும், பொறுத்துக்கோம்மா"ன்னு அனுப்பிட்டாங்க.

அந்த பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பதான் உக்காந்து படிச்சேன். 2002 ஜூலைல அமெரிக்காவுல விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு, மாதவிடாய் நின்ன பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை குடுத்துப் பாத்த பெரிய ஆய்வுல ஒரு பகுதிய பாதியிலயே நிறுத்துனாங்க, மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதுன்னு உலகம் பூரா நியூஸ். கணக்கு என்னன்னா வருஷத்துக்கு 10,000 பேர்ல 30 பேருக்கு வர்றது 38 ஆச்சு. அந்த எட்டு பேர் சின்ன விஷயம்னு நான் சொல்லல, ஆனா இப்படி எண்ணிச் சொல்லியிருந்தா நாமளே யோசிச்சு முடிவெடுத்திருப்போம்ல? அதுல சேந்தவங்க சராசரி வயசு வேற 63, அக்காவுக்கோ 42.

எனக்கு தாங்காதது இதுதான். அது கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜனோட (ஓவரி சுரக்கற ஹார்மோன்) புரோஜெஸ்டினும் (கர்ப்பப்பைய பாதுகாக்க சேக்கற ஹார்மோன்) சேர்த்துக் குடுத்த ஆய்வு. கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு வெறும் ஈஸ்ட்ரோஜன் குடுத்த தனி ஆய்வு 2004ல நின்னுச்சு, அதுல பக்கவாதம் கூடுச்சு உண்மைதான், ஆனா மார்பகப் புற்றுநோய் கூடவே இல்ல, பின்னாடி பல வருஷம் தொடர்ந்து பாத்ததுல குறைஞ்சுதான் இருந்துச்சு. அதாவது அக்கா போய் கேக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே வந்த ரிசல்ட்.

60 வயசுக்குள்ள, இல்ல மாதவிடாய் நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஹார்மோன் மருந்த ஆரம்பிச்சா நிறைய பேருக்கு நல்லதுதான் அதிகம்னு இப்ப சொல்றாங்க, ஓவரிய சீக்கிரம் எடுத்தவங்களுக்கு எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் குடுக்கணும்னே சொல்றாங்க. மருந்துகளுக்கு அனுமதி குடுக்கற அமெரிக்க எஃப்டிஏ, இந்த மருந்துகளோட லேபிள்ல மார்பகப் புற்றுநோய் பத்தி கறுப்புக் கட்டம் போட்டிருந்த எச்சரிக்கைய எடுக்கறோம்னு 2025 நவம்பர்ல அறிவிச்சாச்சு. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ரத்தம் உறைஞ்சவங்க, பக்கவாதம் வந்தவங்களுக்கு பொதுவா இது ஆகாது, அதனால தயவுசெஞ்சு டாக்டர பாக்காம எதுவும் வாங்கிப் போடாதீங்க.

அக்கா போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டு உடைஞ்சுது, ஸ்கேன்ல எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைவு.

எனக்கு இப்ப 48. பிபி, மேமோகிராம் எல்லாம் பாத்துட்டு டாக்டர் கையில தடவற ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், கர்ப்பப்பை இருக்கறதால கூடவே புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையும் எழுதிக் குடுத்தாங்க. ஆறாவது வாரம், நேத்து ராத்திரி முழுசா தூங்குனேன். காலைல அக்காகிட்ட சொல்லலாம்னு ஃபோன் போட்டேன், அவ "என்னடி"ன்னா, எனக்கு வாய் வரல, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.