ஆர்ட வலம்?

இலங்கையின் கிழக்குக் கரையில் பாணமை தாண்டி உகந்தைப் பக்கம் ஜீப்பில் போகிற கூட்டத்தில் ஒரு ஆள் கட்டாயம் இருப்பார்: துபாயிலோ சவூதியிலோ லேண்ட்குரூசர் ஓட்டிவிட்டு வந்த மச்சான். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு மணல்மேட்டில் ஏறி இறங்கினவர். நம்ம ஊர்க் கிரவலும் கருங்கல்லும் அவருக்கு ஒரு கணக்கே இல்லை. பொத்துவில் பெற்றோல் செட்டிலேயே ஆரம்பித்துவிடுவார்: "காத்த இறக்கு காக்கா, பதினைஞ்சுக்குக் கொண்டு வா!"

சொல்வதில் பாதி சரி. றோட்டில் 32, 35 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) வைத்து ஓடுகிற டயரை 18 வரை இறக்கினால் அது நீளவாக்கில் மணலில் படுத்துக்கொள்ளும். பாரம் பரவும், புதையாது. ஆனால் இறக்க வேண்டியது மணல் தொடங்குகிற இடத்தில். பொத்துவிலிலேயே இறக்கிவிட்டுத் தார் றோட்டில் எண்பதில் பறந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடித்தாலும் வெடிக்கும். பதினைந்துக்குக் கீழே போனால் வளைவில் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவரும். கல்லுப் பாதைக்கு 20, 25 போதும். காற்று இறக்கிய டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். அதைக் கூர்க்கல் கிழித்தால் எந்த டயர் கடைக்காரரும் ஒட்டித் தரமாட்டார்.

அடுத்த கூத்து முன் சில்லில். மச்சான் ஓட்டிய லேண்ட்குரூசரில் எந்நேரமும் நாலு சில்லும் இழுக்கும். இங்கே வாடகைக்கு ஓடுகிற பழைய ஜீப் பலதில் முன் சில்லின் நடுவில் கையால் திருகுகிற ஹப் ஒன்று இருக்கும். அதை 'லொக்' பக்கம் திருகாமல் உள்ளே எத்தனை லீவரை இழுத்தாலும் முன் சில்லு சும்மாதான் உருளும். பின் சில்லு இரண்டும் கிணறு வெட்டிக்கொண்டிருக்க, "ஃபோர் வீல் போட்டாச்சே!" என்று சத்தியம் பண்ணுவார்கள். கூமுனை வனவிலங்குப் பூங்காவுக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அதனால் உகந்தை வாசலில் டிக்கட் எடுக்கிற நேரத்திலேயே இரண்டு ஹப்பையும் திருகிவிடுங்கள். உள்ளே போய், பக்கத்தில் யானை நிற்கும்போது ஆர் இறங்கித் திருகுவது என்று வாக்கெடுப்பு நடத்த முடியாது.

திரும்பி வரும்போது தார் றோட்டில் மறக்காமல் நாலு சில்லு ஓட்டத்தை எடுத்துவிடுங்கள். வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை. பிடிப்பான றோட்டில் அந்த வித்தியாசம் கியருக்குள் இறுகி, லீவர் அசையவே மாட்டாது. நாலைந்து அடி பின்னுக்கு எடுத்தால் கழன்று வரும். அதற்குள் லீவரை உதைக்கிற ஆட்களும் உண்டு.

கல்லுக்கு வருவோம். யூடியூபில் அமெரிக்காவின் மோவாப் பக்கம் ஜீப்புகள் செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஏறுவதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். அது மணற்கல், சொரசொரப்பு டயரைப் பிடித்துக்கொள்ளும். நம்முடையதில் மேலே பொடிமணலும் சருகும், மழை பட்டால் கறுத்த பாசியும். பூங்காவுக்கு வெளியே பாதையில் கிடக்கிற கல்லைக் கடப்பதே பெரிய வேலை. கல்லை இரண்டு சில்லுக்கும் நடுவே விட்டுப் போகத்தான் எல்லோருக்கும் கை வரும். அடியில் தொங்குகிற டிப்ரன்சல் குண்டு நேரே அதில் போய் இடிக்கும். சில்லைக் கல்லின் மேலேயே ஏற்றுங்கள். லோ கியரில் முதலாவது, நடக்கிற வேகம், பெருவிரல் ஸ்டியரிங்குக்கு வெளியே. சில்லு கல்லில் மோதி ஸ்டியரிங் வெட்டித் திரும்பினால் விரல் முறியும்.

இந்த இடத்தில்தான் ஏழு பேரும் குதித்து இறங்குவார்கள்.

"வலத்த வெட்டு!"

"ஆர்ட வலம்?"

"என்ட வலம்!"

"அவன் சொல்றதக் கேக்காத, இடத்த வா!"

சாரதி ஏழு பேர் சொல்வதையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றுவார். ஜீப் குறுக்கே நிற்கும், மூலைக்கு மூலை இரண்டு சில்லு ஆகாயத்தில். அந்தரத்தில் நிற்கிற சில்லுதான் சுற்றும், நிலத்தில் இருப்பது அசையாது. பிறேக்கை மெல்ல மிதித்தபடி ஆக்சிலேட்டர் கொடுத்தால் சுற்றுகிறது அடங்கி மற்றதற்கும் வலுப் போகும். அதைவிட நல்லது, ஒருவர் மட்டும் வழி காட்டுவது. சாரதியின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் முன்னால் நிற்க வேண்டும், வண்டிக்கும் பாறைக்கும் இடையில் நிற்கவே கூடாது. வலம் இடம் என்று வாயால் சொல்லாமல் முன் சில்லு திரும்ப வேண்டிய பக்கத்துக்குக் கையை நீட்ட வேண்டும். பொத்திய கையை உயர்த்தினால் நிறுத்து. மற்ற ஆறு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து மரநிழலில் இருத்திவிடுங்கள்.

இழுத்து எடுக்க வேண்டி வந்தால், ட்ரெயிலர் கொளுவுகிற இரும்பு உருண்டையில் கயிற்றைப் போடவே போடாதீர்கள். அது முறிந்தால் கயிற்றோடு பறந்து வரும், ஆளைக் கொல்லும். சேசிஸில் பூட்டிய கொக்கியில் போட்டு, கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கொன்றைப் போட்டுவிட்டு, எல்லோரும் கயிற்று நீளத்துக்கு மேல் தள்ளி நில்லுங்கள்.

பாணமைக்கு வந்து காற்று அடிக்கும்போது எஞ்சினை நிறுத்த வேண்டாம். சிகரட் லைட்டரில் செருகுகிற சின்னப் பம்பு நாலு டயரையும் நிரப்புவதற்குள் பற்றறியைக் குடித்துவிடும். பிறகு தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பாதிக் காற்று டயரோடு ஜீப் தள்ளுகிற நேரம் பார்த்துத்தான் துபாய் மச்சானுக்கு இடுப்பு பிடிக்கும்.