√2 இருக்கிறதா?

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் பேப்பரில் 90க்குக் கீழே மதிப்பெண் வந்ததில்லை. தேற்றம் 4.7 என்று கேட்டால் புத்தகத்தில் அது எந்தப் பக்கம், இடதா வலதா என்பதுவரை சொல்வேன். அந்தத் தைரியத்தில்தான் எம்.டி.டி.எஸ். முகாமுக்கு விண்ணப்பித்தேன்.

எம்.டி.டி.எஸ். என்பது கணிதம் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்காகக் கோடை விடுமுறையில் நடக்கும் நான்கு வாரப் பயிற்சி. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கியது. நிதி தந்தது தேசிய உயர் கணித வாரியம். லெவல் ஓ, ஒன்று, இரண்டு என மூன்று நிலைகள் உண்டு. இளநிலை இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு லெவல் ஓ. நான் போனபோது பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் எளிது. அதோடு வைக்க வேண்டிய ஆசிரியர் பரிந்துரைக் கடிதம்தான் இழுத்தடித்தது. எங்கள் கல்லூரியில் அதற்கு முன் யாரும் இந்த மாதிரி கேட்டதில்லையாம். "லீவுல வீட்டுல இருக்காம இது எதுக்கும்மா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் நான்கு நாள் அலையவிட்டு, கடைசியில் "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுதியதில் கூச்சம் தாங்கவில்லை. அப்புறம் தேர்வான கடிதம் வந்தபோது வீட்டில் அடுத்த சுற்று. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. "கணக்குப் படிக்க மைசூரு வரைக்கும் போகணுமா?" என்றாரே தவிர, டிக்கெட் போட்டது அவர்தான். கோவில்பட்டியில் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு, ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றார்.

அறையில் என்னுடன் ஒரு மலையாளிப் பெண்ணும் ஒரு அசாம் பெண்ணும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த எனக்கு ஆங்கிலம் புரியும், பேச வராது. முதல் இரண்டு நாள் சிரித்தே சமாளித்தேன். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்ற வருத்தத்தைக்கூட சைகையில்தான் பகிர்ந்துகொண்டோம்.

முதல் நாள் மெய்யெண்களை ஆராயும் மெய்ப்பகுப்பாய்வு வகுப்பு. பேராசிரியர் கையில் குறிப்பும் இல்லை, புத்தகமும் இல்லை. எண்களின் தொகுப்பான ஒரு கணத்துக்கு 'மேல் எல்லை' என்றால் என்ன என்று கேட்டார். அந்தக் கணத்தில் உள்ள எந்த எண்ணும் தாண்டாத எண் என்று வரையறையைக் கடகடவென்று ஒப்பித்தேன். "நல்லது. ஓர் எண் மேல் எல்லை இல்லை என்று காட்ட என்ன செய்ய வேண்டும்?" என்றார். வகுப்பே அமைதி. அந்த எண்ணைவிடப் பெரிய ஒன்று அந்தக் கணத்தில் இருக்கிறது என்று காட்டினால் போதும். அதை எங்கள் வாயால் வரவழைக்கக் கால் மணி நேரம் ஆனது. அடுத்த கேள்வி: காலிக் கணத்துக்கு மேல் எல்லை உண்டா? இல்லை என்று கத்தினோம். "அப்படியானால் 5 ஏன் மேல் எல்லை ஆகாது? 5ஐவிடப் பெரியது ஒன்றைக் காலிக் கணத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்." எங்கிருந்து எடுப்பது! ஆக எல்லா எண்ணுமே காலிக் கணத்துக்கு மேல் எல்லைதான். அன்று ராத்திரி அறையில் "என்னிடம் இருக்கும் யானை எல்லாம் பச்சை நிறம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். யாரிடமும் யானை இல்லையே, பொய் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள்தான் நான் மாட்டிக்கொண்டது. √2 விகிதமுறா எண் என்று யாராவது நிரூபியுங்கள் என்றார். இது தெரியாதவர் உண்டா? நான்தான் எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினேன். சுண்ணக்கட்டியை வைக்கப் போனபோது, "பின்னமாக எழுத முடிகிற எதையும் வர்க்கப்படுத்தினால் 2 வராது என்று காட்டியிருக்கிறீர்கள். வர்க்கப்படுத்தினால் 2 வருகிற ஓர் எண் இருக்கிறது என்று எங்கே காட்டினீர்கள்?" என்றார். எட்டாம் வகுப்பிலிருந்து √2 எழுதிக்கொண்டிருக்கிறேன். அது இருக்கிறதா என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

உட்காரச் சொல்லவில்லை, முயன்று பாருங்கள் என்றார். வர்க்கம் 2க்குக் குறைவாக இருக்கும் மிகை எண்களை எல்லாம் ஒரு கணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். அதன் மேல் எல்லைகளிலேயே மிகச் சிறியதற்கு, அதாவது மீச்சிறு மேல் எல்லைக்கு, ஆல்ஃபா என்று பெயர் வைத்தோம். ஆல்ஃபாவின் வர்க்கம் 2தான் என்று காட்ட வேண்டும். 2ஐவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டால், ஆல்ஃபாவோடு மிகச் சிறிய எண் ஒன்றைக் கூட்டினாலும் வர்க்கம் 2ஐத் தாண்டாது, அப்போது மேல் எல்லையைவிடப் பெரிய எண் கணத்துக்குள் வந்துவிடும், முரண்பாடு என்றேன். "மிகச் சிறிய என்றால் எவ்வளவு?"

அங்கே நின்றேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அரை மணி நேரத்துக்கு மேல். அழுகை வந்தது, உண்மையாகவே. மலையாளிப் பெண்தான் "1.4 வைத்துப் பார்" என்றாள். 1.4இன் வர்க்கம் 1.96, மிச்சம் 0.04. நூறில் ஒரு பங்கு கூட்டினால் 1.41, வர்க்கம் 1.9881. சரி, இது தாண்டவில்லை. பத்தில் ஒரு பங்கு தாண்டிவிடுகிறது. எதிலிருந்து தாண்டாது? கணக்குப் போட்டதில், ஆல்ஃபாவின் இருமடங்கோடு 1 கூட்டி, அதை மிச்சத்தால் வகுத்தால் வருவதைவிடப் பெரிய இயல் எண் ஒன்றை எடுத்து, 1ஐ அதால் வகுத்துக் கூட்டினால் போதும் என்று கிடைத்தது. 1.4க்கு வகுத்தால் வருவது 95, ஆக 96 எடுத்தால் போதும். முடித்துவிட்டேன் என்று திரும்பினேன். "எந்த மெய்யெண்ணைவிடவும் பெரிய இயல் எண் உண்டு என்று யார் சொன்னது?" என்றார் சிரித்துக்கொண்டே. அதற்கு ஆர்க்கிமிடீஸ் பண்பு என்று பெயர் இருப்பது அப்புறம் தெரிந்தது. ஆல்ஃபாவின் வர்க்கம் 2ஐவிட அதிகமாக இருந்தால் என்ன என்பதை அன்று ராத்திரி மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து முடித்தோம். எனக்கு ஆங்கிலம் பேச வந்ததும் அன்றுதான். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் சண்டை போடுகிற அளவுக்கு.

நேரியல் இயற்கணிதமும் அதே மாதிரிதான் போனது. மாலையில் கணக்குப் போடும் வகுப்பு, அதிலும் விடை சொல்லமாட்டார்கள். பரீட்சை கிடையாது. முதல் வாரம் அது சுகமாக இருந்தது. இரண்டாம் வாரம், நான் தேறினேனா இல்லையா என்று சொல்ல ஆளில்லாமல் தவித்தேன். கணினி வேலைக்குப் போகப்போகிற ஒரு பையன் பத்தாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். இந்த வேகத்தில் ஒரு பருவத்துப் பாடத்தில் பாதிகூட முடியாது.

கடைசி வாரம் தேநீர் இடைவேளையில் ஒரு புதிர் சுற்றியது. 5 ரூபாய், 7 ரூபாய் நாணயங்கள் மட்டும் இருந்தால், சில்லறை வாங்காமல் கொடுக்கவே முடியாத மிகப்பெரிய தொகை எது? 23. இரண்டையும் பெருக்கி, இரண்டையும் கழித்துவிட வேண்டும். ஏன் என்பதை நாங்களே கண்டுபிடித்தோம், இரண்டு நாள் பிடித்தது. கிளம்பும் அன்று அசாம் பெண் என் நோட்டில் 6, 10, 15 என்று மூன்று எண்களை எழுதிவைத்தாள்.

ரயிலில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு தொகையாக அடித்துப் பார்த்தேன். சேலம் தாண்டும்போது 29 என்று கிடைத்தது. ஏன் 29 என்பது கோவில்பட்டி வரை வரவில்லை. பிளாட்பாரத்தில் அப்பா பையை வாங்கிக்கொண்டு, "என்னம்மா, எல்லாம் படிச்சிட்டியா?" என்றார்.

"இல்லப்பா" என்றேன்.